தெரிந்த பூதம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்றொரு ஏரிக்கரைச் சிற்றூர். அங்கே வசித்த கேரி கைகாக்ஸ் 1970களின் தொடக்கத்தில் மலிவுச் சாமான் கடையில் ஒரு பை பிளாஸ்டிக் பொம்மைகள் வாங்கினார். ஹாங்காங்கில் வார்த்தவை. பழங்காலத்து விலங்குகள் என்ற பெயரில் விற்றார்களே தவிர, பூமியில் எந்தக் காலத்திலும் நடமாடிய எதையும் அவை ஒத்திருக்கவில்லை. ஒன்றுக்குக் கரடி உடம்பும் பறவை அலகும். இன்னொன்றுக்கு வால்நுனியில் துடுப்பு. மேசைமீது பொம்மைப் படைகளை நகர்த்திப் போர் விளையாடுகிற அவருடைய குழுவுக்கு மாயாஜாலப் பிராணிகள் தேவைப்பட்டன. கையில் கிடைத்தவை இவைதாம். 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த ‘கிரேஹாக்’ இணைப்பு நூலில் அந்தப் பொம்மைகள் இரண்டு ஆந்தைக்கரடியாகவும் துருப்பூதமாகவும் அச்சேறின.

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துகிறார். உலகத்தையும் அதில் எதிர்ப்படுகிறவர்களையும் வாயால் சொல்லி உருவாக்குவது அவர் வேலை. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்யப்போகிறார்கள் என்று சொல்கிறார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருள்கிறது. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் முதல் காட்சிகளில் நான்கு பையன்கள் வீட்டின் அடித்தளத்தில் விளையாடுவது இதைத்தான். வென்றவர் தோற்றவர் கணக்கு கிடையாது. ஒரே கதை வாராவாரம் தொடர்ந்து ஆண்டுக்கணக்கில் நீள்வதும் உண்டு.

துருப்பூதத்துக்கு வருகிறேன். அதன் உணர்கொம்பு பட்டால் இரும்பு துருப்பிடித்து உதிரும். அவ்வளவுதான். மனிதனை அது தேடி வருவதில்லை. அதற்கு வேண்டியது அவன் மேலிருக்கும் கவசம். ஆனால் டிராகனை நேருக்கு நேர் எதிர்கொண்ட வீரர்கள் இந்தப் பிராணியைக் கண்டதும் திரும்பி ஓடுவார்கள். மாதக்கணக்கில் ஆடிச் சம்பாதித்த மந்திர வாளும் இரும்புக் கவசமும் ஒரு தொடலில் பொடியாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். முதல்முறை ஆட வந்தவர் ஓடமாட்டார், வாளை உருவிக்கொண்டு முன்னால் போவார். பழகியவருக்குத்தான் பயம்.

பரிச்சயம் பயத்தைக் கொல்லும் என்பது கற்பனை ஆட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கருத்து. ஆட்டக்காரர்களுக்கு எல்லாப் பூதங்களும் தெரிந்துவிட்டன, இனி எப்படி மிரட்டுவது என்ற கேள்வி ஐம்பது ஆண்டுகளாக இந்தப் பொழுதுபோக்கோடு கூடவே வருகிறது. கேள்வியே சற்றுக் கோணலானது என்று எனக்குப் படுகிறது. துருப்பூதத்தின் சாட்சியம் வேறு மாதிரி இருக்கிறதே.

கேள்வி எங்கே பிறந்தது என்று பார்க்கலாம். 1977இல் கைகாக்ஸின் ‘மான்ஸ்டர் மேனுவல்’ கெட்டி அட்டை போட்டு வெளிவந்தது. முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பிராணிகள் அகரவரிசையில், ஒவ்வொன்றுக்கும் உடல்வலு, தாக்கும் திறன், கையிருப்புச் செல்வம் எல்லாம் எண்களாக. சேகரிப்பின் வீச்சு மலைக்க வைக்கும். கைகாக்ஸ் எதையும் விட்டுவைக்கவில்லை. வேன் வோக்ட் 1939இல் எழுதிய விண்வெளிக் கதையின் கரும்பூனை, இடம்மாறித் தெரியும் விலங்காக வந்து சேர்ந்தது. எட்வர்ட் டாப்செல் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1607இல் எழுதிய விலங்கு நூலிலிருந்து செதில் போர்த்த காளை வந்தது. வெட்டினாலும் ஒட்டி வளரும் பச்சை ட்ரோல், பால் ஆண்டர்சனின் ‘த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்’ நாவலிலிருந்து வந்தது. டோல்கீனின் பால்ராக்கும் என்ட்டும் ஏற்கெனவே உள்ளே இருந்தன. உரிமைதாரர்கள் வழக்கு மிரட்டல் விடுத்த பிறகு பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு அங்கேயே இருந்தன.

நம் பக்கத்து ஆள் ஒருவரும் அந்தப் புத்தகத்தில் உண்டு. ராட்சசன். முதலில் இந்தியாவில் அறியப்பட்டவன் என்றே குறிப்பு தொடங்குகிறது. டேவிட் டிராம்பியர் வரைந்த படத்தில் புலித்தலை, நீள அங்கி, புகைக்குழாய். ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு பட்டால் அந்த இடத்திலேயே சாவான். எங்கேயிருந்து வந்தது இந்த அம்பு? 1974இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய ‘கோல்சாக்’ தொடரின் ஓர் அத்தியாயத்தில், நம்பிக்கைக்குரியவர் உருவத்தில் வந்து ஆளைத் தின்னும் ராட்சசன் இப்படித்தான் சாகிறான். கம்பனைப் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரலாம். நமக்கு ராட்சசர் என்றால் ஒரு நகரம், ஒரு குடும்பம். சீதையை விடு என்று அண்ணனிடம் வாதாடித் தோற்று, பிறகு அதே அண்ணனுக்காகச் சாகப் போகும் கும்பகர்ணன். பிரிந்து போகும் விபீஷணன். அந்த வீட்டுக்குள்ளேயே நியாயம் மூன்றாகப் பிளந்து கிடக்கிறது. கையேட்டின் புலித்தலையருக்கோ வீடு இல்லை, அண்ணன் தம்பி இல்லை. எண்களும் ஓர் அம்பும் மட்டுமே. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அகரவரிசைக் கையேட்டில் கும்பகர்ணனுக்கு இடம் கிடைக்காது. ஆனால் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து வந்த அந்த அம்பை ஆட்டக்காரர் யோசித்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை என்பது கவனிக்க வேண்டியது. கையேட்டைப் படித்தவருக்குத் தெரியும், படிக்காதவர் சாவார்.

படிக்கத்தான் செய்தார்கள். கடையில் விற்கும் புத்தகத்தை யார் தடுக்க முடியும்? 1979இல் வந்த ஆட்டநடத்துநர் வழிகாட்டியில், நடத்துநரல்லாதவர் இந்த ரகசியங்களைக் கையில் வைத்திருந்தால் கௌரவமான சாவுக்குக்கூடத் தகுதியற்றவர் என்கிற மாதிரி கைகாக்ஸ் பாதி விளையாட்டாகவும் பாதி எரிச்சலாகவும் எழுதினார். பயனில்லை. ட்ரோலின் காயம் மூடிக்கொள்ளும், நெருப்பும் அமிலமும் பட்டால் மூடாது என்பது இன்று ஆட்டத்துக்குள் வந்த சில வாரங்களில் யாருக்கும் தெரிந்துவிடுகிற விஷயம். பச்சையாக, மெலிந்து, நீண்ட மூக்கோடு ஏதோ வருகிறது என்று நடத்துநர் சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் தீப்பந்தத்தைக் கேட்டிருப்பார்.

இதற்குப் பழகிப்போன மருந்துகள் சில உண்டு. முதலாவது, பெயரைச் சொல்லாமல் வருணிப்பது. நல்ல பழக்கம்; ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. முதல் வெட்டு மூடிக்கொண்டதும் குட்டு உடைந்துவிடும். இரண்டாவது, பலவீனத்தை மாற்றிவிடுவது: இந்த ட்ரோலுக்கு நெருப்பு ஆகாரம், உப்புதான் விஷம். இதை நான் விரும்புவதில்லை. ஆட்டக்காரர் கற்ற ஒன்றைப் பொய்யாக்கினால் அவருக்கு வருவது பயமில்லை, எரிச்சல். அடுத்தமுறை எதையும் கற்றுக்கொள்ள மாட்டார். கற்றதெல்லாம் நடத்துநரின் மனம்போல மாறும் என்றால் கற்று என்ன பயன்? மேசையில் இருவருக்கும் பொதுவாக இருந்த தரை அங்கே நழுவிவிடுகிறது.

மூன்றாவது மருந்து, பழையதைத் தூக்கிப்போட்டுப் புதிதாகப் படைப்பது. அதற்கு நீண்ட மரபு இருக்கிறது. 1975இலேயே எம். ஏ. ஆர். பார்க்கரின் ‘எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்’ வந்தது. அதில் டோல்கீன் வழிவந்த ஆர்க்குகளும் இல்லை, எல்ஃபுகளும் இல்லை. சூ என்ற ஜீவன்கள் இலவங்கப்பட்டை போன்ற வாசனையோடு வரும். அந்த வாசனை அபாரமான கற்பனை. 1979 வழிகாட்டியின் பின்னிணைப்பில் கீழுலகப் பிராணிகளைப் பகடை உருட்டியே உருவாக்கும் அட்டவணை இருந்தது. 2015இல் பேட்ரிக் ஸ்டூவர்ட்டும் ஸ்கிராப் பிரின்செஸ்ஸும் வெளியிட்ட ‘ஃபயர் ஆன் த வெல்வெட் ஹொரைசன்’ நூலில் எண்களே கிடையாது. முழுக்க விசித்திரப் பிராணிகளின் வருணனை. இவற்றை ரசிக்கிறேன். ஆனால் முற்றிலும் புதிய பிராணி மேசையில் ஒருமுறைதான் பயமுறுத்தும். ரத்தக்காட்டேரி என்று சொன்ன கணத்திலேயே கேட்பவர் மனத்தில் எழுகிற கண்ணாடி, பூண்டு, சவப்பெட்டி, விடியற்காலை எல்லாம் அதற்குக் கிடையாது. அந்தச் சேமிப்பு நூற்றாண்டுகளில் சேர்ந்தது, நடத்துநருக்கு இலவசமாகக் கிடைப்பது. அதைக் கைவிடுவதற்குக் காரணம் வேண்டும்.

என் கட்சி இதுதான்: பழைய பூதம் புதிதாவதற்கு அதைப்பற்றி ஆட்டக்காரர் அறிந்தது பொய்யாகத் தேவையில்லை. உண்மையாகவே இருந்துகொண்டு, போதாமல் போக வேண்டும். இந்தத் துறையில் நின்று நிலைத்த உதாரணங்களை எடுத்துப் பார்த்தால், எல்லாமே இப்படித்தான் வேலை செய்கின்றன. அவற்றில் எதுவும் பூதத்தின் உடம்பில் பெரிதாகக் கைவைக்கவில்லை.

அதற்கு முன் ஒரு விதி விவகாரம். பலர் இதைக் கவனிப்பதில்லை. 1981இல் டாம் மோல்ட்வே தொகுத்த அடிப்படைப் பதிப்பில், பூதம் எதிர்ப்பட்டதும் நடத்துநர் இரண்டு பகடைகளை உருட்டிப் பார்க்கலாம். 2 விழுந்தால் உடனே பாயும். 12 விழுந்தால் நட்பு பாராட்டும். 6 முதல் 8 வரை விழுந்தால் என்ன செய்வதென்று அதற்கே தெரியவில்லை. 36இல் 16 வாய்ப்பு இந்த மூன்றாவதற்குத்தான். உடனே பாய்வதற்கோ 36இல் 1. எதிரில் நிற்பதும் நம்மைப் போலவே தயங்குகிறது என்பது விதியிலேயே எழுதப்பட்டிருந்தது. துணிவுக்கும் ஓர் எண் உண்டு. கோபோல்ட் என்ற குள்ளப் பிராணிக்கு 6. தலைவன் கூட இருந்தால் 8. இரண்டு பகடையின் கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தாண்டினால் ஓடிவிடும். அதே ஆண்டு வந்த அடுத்த தொகுப்பில் ட்ரோலுக்குத் துணிவு 10. எளிதில் ஓடாது, 36இல் 3 வாய்ப்புதான். ஆனால் நெருப்பைக் காட்டினால் துணிவு 8 ஆகிறது, வாய்ப்பு 36இல் 10 ஆகிறது. நெருப்பு ட்ரோலைச் சுடும் என்று நமக்குத் தெரியும். அந்த விதி இன்னொன்றும் சொல்கிறது: அது ட்ரோலுக்கும் தெரியும்.

பாத்திரங்களின் வலு கூடுவதற்காகச் சேர்க்கும் அனுபவப் புள்ளிகளின் கணக்கும் அப்போது வேறு. ஒரு பொற்காசைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தால் ஒரு புள்ளி. ஒரு கோபோல்டைக் கொன்றால் ஐந்து. உயிரைப் பணயம் வைத்துக் கோபோல்டோடு மோதுவதைவிட அது தூங்கும்போது ஐந்து காசைத் திருடிக்கொண்டு வருவது லாபம். ஆகவே பூதத்தை ஏமாற்றினார்கள், லஞ்சம் கொடுத்தார்கள், வழி விசாரித்தார்கள், ஒன்றை இன்னொன்றோடு மூட்டிவிட்டார்கள். 1989இன் இரண்டாம் பதிப்பில் பொற்காசுக் கணக்கு விருப்பவிதியாக ஒதுங்கியது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் எதிரியைத் தோற்கடிப்பதே பிரதான வரவாயிற்று. தயக்கப் பகடையும் துணிவு எண்ணும் ஓரத்துக்குப் போயின. பூதங்கள் சலித்துப்போனதற்கு ஆட்டக்காரர்களின் படிப்பறிவைவிட இந்தக் கணக்கு மாற்றம்தான் பெரிய காரணம் என்பேன். சண்டை போடுவதைத் தவிர வேறு வேலை இல்லாத ஒன்று எத்தனை தலையோடு வந்தால் என்ன?

இனி கோபோல்டுகள். ஜெர்மன் நாட்டார் கதைகளில் வீட்டிலும் சுரங்கத்திலும் குறும்பு செய்யும் குட்டிச்சாத்தான்கள். ஆட்டத்தில் அடிமட்டம், ஒன்றிலிருந்து நான்கு உயிர்ப்புள்ளி. முதல் நிலை வீரன் ஒருமுறை வாளைச் சுழற்றினால் தீர்ந்தது. 1987 நவம்பரில் ‘டிராகன்’ இதழின் 127ஆவது எண்ணில் ஆசிரியர் ரோஜர் மூர் ஒரு பக்கத் தலையங்கம் எழுதினார். வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் ராணுவ முகாமில் டக்கர் என்பவர் நடத்திய ஆட்டத்தைப் பற்றியது. அந்த நிலவறையின் பத்தாவது தளத்தில் தீப்பிழம்பான பேய்கள். முதல் தளத்தில் கோபோல்டுகள். ஆட்டக்காரர்கள் பேய்களிடம் போக விரும்பினார்கள். கோபோல்டுகளின் தளத்தைக் கடப்பதுதான் அவர்களுக்கு நடுக்கம்.

காரணம் எளிமையானது. கோபோல்டுகள் தாங்கள் பலவீனமானவை என்று அறிந்திருந்தன. ஆகவே எதிரே வந்து நின்று சண்டையிடவில்லை. மனிதர்கள் குனிந்துதான் போக முடிகிற குறுகிய பாதைகளைத் தங்களுக்கென்று வைத்திருந்தன. சுவரில் அம்புத்துளைகள், கூரையில் எறிதுளைகள். எரியும் குப்பைக் குவியல்களைக் கழிகளால் தள்ளிக்கொண்டு வந்தன. முன்னே நெருப்பு, பின்னே கதவு பூட்டு. துரத்தினால் அடுத்த பொறியில் கொண்டுபோய் விட்டன. தப்பிக்க வேண்டுமென்று ஆட்டக்காரர்கள் மூட்டை முடிச்சைப் போட்டுவிட்டு ஓடினால், வந்து பொறுக்கிக்கொண்டன.

இங்கே ஒரு விதிகூட மாறவில்லை. கோபோல்டின் உயிர்ப்புள்ளி அதே எண். கையில் கிடைத்தால் ஒரே வெட்டில் சாகும், ஆட்டக்காரர் அறிந்தது முழு உண்மை. கையில் கிடைக்கவில்லை என்பதுதான் சங்கதி. போர்ப்பயிற்சி தினசரி வேலையாக இருக்கும் ஒரு முகாமில் இந்த ஆட்டம் நடந்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. வலியவனைத் தன் நிலத்துக்குள் இழுத்து அலைக்கழிக்கும் எளியவனின் போர்முறை, வியட்நாமுக்குப் பிந்தைய அந்தத் தலைமுறைப் படைவீரர்களுக்கு வெறும் கற்பனையாக இருந்திருக்காது. இது என் ஊகம், மூர் அப்படி எழுதவில்லை. அவருடைய பாடம் பொதுவானது: மூளையும் இடமும் கொடுத்தால் எந்தப் பூதமும் போதும். ‘டக்கரின் கோபோல்டுகள்’ அதற்குப் பிறகு ஒரு சொல்வழக்காகவே ஆகிவிட்டது. கீத் அம்மானின் ‘த மான்ஸ்டர்ஸ் நோ வாட் தேர் டூயிங்’ 2019இல் நூலாக வந்தபோது, கையேட்டின் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிராணியும் எப்படிச் சண்டையிடும், எப்போது ஓடும் என்று தருக்கமாக விளக்கியது. எண் மாறாமல் நடத்தை மாறும் அதே வழி.

டக்கரின் முறைக்கு ஓர் எல்லை உண்டு. எல்லாப் பூதமும் கெரில்லாப் படையானால் அதுவும் மாதிரியாகிவிடும். ஆந்தைக்கரடி பொறி வைத்தால் அபத்தம். அதற்குக் குட்டி இருக்கிறதா, பசிக்கிறதா என்பதே கேள்வி. தந்திரம் செய்யும் பிராணி எது, வயிற்றுக்காக வந்த பிராணி எது என்று பிரித்தறியும் நடத்துநர் குறைவு.

ரத்தக்காட்டேரியின் கதை இன்னும் சுவாரசியம். 1970களின் கடைசியில் ட்ரேசி ஹிக்மன் ஒரு நிலவறை ஆட்டத்தில் மூலை திரும்பியபோது ஓர் அறையில் ரத்தக்காட்டேரி நின்றது. முந்தைய அறையில் ஏதோ, அடுத்த அறையில் வேறேதோ, நடுவில் இது. நீ ஏன் இங்கே இருக்கிறாய் என்ற கேள்வி அவரை விடவில்லை. மனைவி லாராவும் அவரும் சேர்ந்து அதற்குப் பதில் எழுதத் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் ஹாலோவீன் இரவில் நண்பர்களோடு ஆடிப் பார்த்துத் திருத்தினார்கள். 1983இல் அது ‘ரேவன்லாஃப்ட்’ என்ற சாகச நூலாக வந்தது.

அதன் நாயகன், அல்லது வில்லன், ஸ்ட்ராட் பிரபு. தம்பி செர்கேயின் காதலி தாத்யானாவை விரும்பியவன். மரணத்தோடு ஒப்பந்தம் செய்து, கல்யாண நாளில் தம்பியைக் கொன்றான். அவள் கோட்டைச் சுவரிலிருந்து குதித்தாள். சாகவும் முடியாமல் அவன் அங்கேயே இருக்கிறான். இப்போது கீழே ஊரில் அவள் சாயலில் ஐரீனா என்றொரு பெண். மந்திரம் கற்றவன் என்பதைத் தவிர, அவன் உடம்பில் பிராம் ஸ்டோக்கருக்குத் தெரியாதது ஏதுமில்லை. சூரியன், ஆப்பு, சவப்பெட்டி எல்லாம் அப்படியே. ஆட்டக்காரர்கள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் கோட்டைக்குள் போகிறார்கள்.

தெரியாதது வேறு. தொடக்கத்தில் குறிசொல்லும் கிழவி சீட்டுகளை எடுத்துப் போடுகிறாள். அவனை எங்கே சந்திக்கலாம், அவனை எதிர்க்க உதவும் வாளும் புனிதச் சின்னமும் எங்கே கிடக்கின்றன, இம்முறை அவனுடைய நோக்கம் என்ன என்பவற்றைச் சீட்டுகள் தீர்மானிக்கும். அதே நூலை இரண்டாம்முறை ஆடுகிறவருக்கும் இது புதிது. தவிர, ஸ்ட்ராட் கடைசி அறையில் காத்திருப்பதில்லை. நடுவில் வருவான், ஒரு வெட்டு வெட்டுவான், போய்விடுவான். அவனை மூளையுள்ள எதிரியாக நடத்தும்படி நூல் நடத்துநரிடம் வற்புறுத்துகிறது. ரத்தக்காட்டேரியின் வேர் காதல் நாயகன் இல்லை, மனைவியை வதைக்கும் கணவனின் ஜாடை என்று ஹிக்மன் பிற்பாடு எழுதினார். நூலைப் படித்தால் அது விளங்கும். ஐரீனாவை அவன் பார்ப்பதில்லை. செத்துப்போனவளின் முகத்தை மட்டும் பார்க்கிறான். ஆப்பு எங்கே அடிக்க வேண்டும் என்ற அறிவு இந்த இடத்தில் கைகொடுக்காது. அந்தப் பெண்ணைக் காப்பாற்றுவதா, அவளைக் கேட்டு முடிவெடுப்பதா, அவளை விட்டுவிட்டு ஓடுவதா என்று மேசையில் வாக்குவாதம் எழுகிறது. 2016இல் ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ என்று விரிவாக்கி மீண்டும் வெளியிட்டார்கள்; இன்னமும் ஆடுகிறார்கள். இதைவிடத் தேய்ந்துபோன பிராணி வேறெது இருக்க முடியும் என்று யோசித்தால், வெற்றியின் அளவு புரியும்.

மூன்றாவது உதாரணம் வேறொரு நிறுவனத்துடையது. கேயாசியம் 1978இல் வெளியிட்ட ‘ரூன்குவெஸ்ட்’ ஆட்டம் கிரெக் ஸ்டாஃபர்டின் குளோராந்தா என்ற உலகத்தில் நடப்பது. 1982இல் ஸ்டாஃபர்டும் சாண்டி பீட்டர்சனும் ‘ட்ரோல்பேக்’ என்ற பெட்டித் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். ட்ரோல்களைப் பற்றி மட்டுமே ஒரு பெட்டி: உடற்கூறு, உணவு, குலவரலாறு, தெய்வங்கள். ட்ரோலுக்கு வெயில் ஆகாது என்பது வடக்கு ஐரோப்பிய நாட்டார் கதைகளில் பழைய செய்தி. ஸ்டாஃபர்ட் அதை மாற்றவில்லை. ஏன் என்று கேட்டார். குளோராந்தாவின் ட்ரோல்கள் பாதாளத்தில், தங்கள் இருட்டில் நிம்மதியாக வாழ்ந்தவர்கள். மேலே சூரியதேவன் கொல்லப்பட்டுப் பாதாளத்துக்கு வந்து சேர்ந்தபோது அந்த ஒளி அவர்களைச் சுட்டு விரட்டியது. மேலே வந்தவர்கள் அகதிகள். தாய்தெய்வத்தை வணங்கும், பெண்கள் தலைமை தாங்கும் சமூகம். பிறகு ஒரு சாபம்: தாய்மார்களுக்கு வலுவான பிள்ளைகளுக்குப் பதில் குறைப்பிறவிகள் கூட்டம்கூட்டமாகப் பிறக்கின்றன. அவற்றை வேலைக்காரர்களாக வைத்துக்கொள்கிறார்கள். பசித்தால் தின்னவும் செய்கிறார்கள்.

அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். ட்ரோல்பேக் ட்ரோலை நல்லவனாக்கவில்லை. மனிதரைத் தின்பான் என்பது பொய்யாகவில்லை. காரணம் தெரிந்த பிறகும் அவன் ஆபத்தானவன்தான், ஒருவேளை கூடுதலாக. ஆனால் அவனோடு பேசலாம், வியாபாரம் செய்யலாம், ஆட்டக்காரரே ட்ரோலாகவும் ஆடலாம். ஒரு குகையை வெட்டிச் சாய்த்துவிட்டுப் போவதற்கு முன் யாருடைய வீடு என்று கேட்கத் தோன்றும். நான் படித்த பூத நூல்களில் கும்பகர்ணனுக்கு இடமிருக்கும் நூல் இது ஒன்றுதான்.

அண்மைக்கால ஆர்க் சர்ச்சையை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் இரு தரப்பும் ஒரே பள்ளத்தில் நிற்பது தெரிகிறது. ஓர் இனம் முழுவதையும் பிறவியிலேயே தீயது என்று எழுதுவதிலுள்ள விகாரத்தைப் பலர் சுட்டிக்காட்டினார்கள். 2020இல் பதிப்பாளரான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் ஆர்க்குகளையும் டிராவ் என்ற இருண்ட எல்ஃபுகளையும் இனி வேறுவிதமாகச் சித்திரிப்போம் என்று அறிவித்தது. 2024 ஆட்டக்காரர் நூலில் ஆர்க், ஆட்டக்காரர் தேர்ந்துகொள்ளும் இனங்களில் ஒன்று. 2025 பூதக் கையேட்டில் ஆர்க் என்ற தனிப் பதிவே இல்லை. எதிர்த்தவர்கள் பழைய ஆர்க் வேண்டும் என்றார்கள். கண்டிப்பாகக் கெட்டவன் என்ற ஆர்க்குக்கும், கையேட்டிலிருந்தே எடுத்துவிட்ட ஆர்க்குக்கும் ஓர் ஒற்றுமை: இருவரிடமும் ஆட்டக்காரர் எதையும் கேட்க வேண்டியதில்லை. விகாரத்தைக் களைய வேண்டியதுதான். அதற்கு ட்ரோல்பேக் காட்டிய கடினமான பாதை நாற்பதாண்டுகளாகத் திறந்தே கிடக்கிறது.

அந்தப் பாதையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குள்ளேயே ஒருவர் நடந்திருக்கிறார். 2002இல் விசார்ட்ஸ் நிறுவனம் புதிய கற்பனை உலகத்துக்காக ஒரு போட்டி வைத்தது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட முன்வரைவுகள் வந்தன. வென்றது கீத் பேக்கரின் ‘எபரான்’, 2004இல் நூலானது. அதில் டிராம் என்றொரு நாடு. மூன்று சூனியக்காரச் சகோதரிகள் பூதங்களை ஒன்றுதிரட்டி ஆளும் நாடு. மெடூசா அங்கே ஒரு நகரத்தின் அதிபதி. பறக்கும் கல்பூதங்கள் தபால் கொண்டுபோகின்றன. அக்கம்பக்கத்து மனித அரசுகள் அதை நாடாக அங்கீகரிக்க மறுக்கின்றன. நாடென்று ஆனபிறகு இவ்வளவு பேருக்கும் சோறு எப்படி என்ற கேள்வி எழுமல்லவா? பேக்கர் அந்தக் கேள்வியைத் தவிர்க்கவில்லை. ட்ரோலின் சதை வெட்ட வெட்ட வளரும் என்பது 1974 முதல் எல்லோருக்கும் தெரிந்தது. சகோதரிகள் அரவை ஆலைகள் அமைத்தார்கள். ட்ரோல்களின் சதையை வெட்டி அரைத்து மக்களுக்கு விநியோகிக்கிறார்கள். மறுபடி வளர்ந்ததும் மறுபடி வெட்டுகிறார்கள். டிராமில் அதனால் பஞ்சம் தணிந்தது.

அந்த நாட்டுக்குத் தூது போன பாத்திரங்களின் முன்னால் இறைச்சித் தட்டு வைக்கப்படுகிறது. ட்ரோலை எப்படிக் கொல்வது என்பது மேசையிலுள்ள அத்தனை பேருக்கும் தெரியும்.